ஆட்டுக்காரி மார்லிஸ்

விஸ்கான்சினில் எங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவன்தான் மனுஷன். ஆடு வைத்திருப்பவன் பொழுது போகாதவன். அப்படிப்பட்ட ஊரில், அறுபது கறவை மாட்டுக்குச் சொந்தக்காரரான வெர்னன் டோர்னின் ஒரே மகள் ஆட்டைக் கட்டிக்கொண்டு மாரடித்தால் ஊர் சும்மா இருக்குமா?

ஒன்பது வயதில் மார்லிஸ் இளைஞர் பண்ணை மன்றத்தில் சேர்ந்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் கண்காட்சிக்கு வளர்க்கக் கன்றுக்குட்டி பிடித்தார்கள். இவள் மேபல் என்று ஒரு வெள்ளாட்டுக் குட்டியைப் பிடித்தாள். கேட்டால், "அது என்னைப் பாத்துச்சு, நான் அதைப் பாத்தேன், அவ்வளவுதான்" என்பாள். முதல் கண்காட்சியில் அந்தக் குட்டி, இவள் சட்டையில் குத்தியிருந்த எண் அட்டையை நடுவர் கண்ணெதிரிலேயே மென்று தின்றது. கடைசி இடம்தான் கிடைத்தது.

"ஏய் ஆட்டுக்காரி, அடுத்து உன் சட்டையத் திங்கப் போவுது பாரு!" என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினான் பக்கத்துப் பண்ணை கர்ட்.

"தின்னா தின்னட்டும். உனக்கென்ன? அடுத்த வருஷமும் நான் இங்கதான் நிப்பேன், வந்து பாரு."

நின்றாள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும். பள்ளிக்கூடம் விட்டதும் மேபலைக் கழுத்துப் பட்டையோடு பிடித்துச் சாலையோரம் நடத்திப் பழக்குவாள். மாலை ஐந்தானால் அப்பாவோடு நின்று அறுபது மாட்டையும் கறப்பாள். பன்னிரண்டு வயதிலிருந்து இதுதான் வழக்கம். மாட்டுவேலையில் ஒரு நாள்கூட அவள் சுணங்கியதில்லை, அதனால்தான் வெர்னனும் ஆட்டைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தார்.

மேபல் வளர்ந்து, குட்டி போட்டு, ஐந்து ஆடாகப் பெருகி, பழைய கொட்டகை முழுக்க ஆடாயிற்று. மூன்று வெவ்வேறு நடுவர்கள் கையால் மூன்று முறை முதலிடம் வாங்கிய ஆட்டுக்குச் சாம்பியன் பட்டம். மேபல் இரண்டு முறை முதலிடம் வாங்கிவிட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. மார்லிஸுக்குப் பதினேழு வயது. அந்தக் கோடையில் வெர்னன் வாயைத் திறந்தார்.

"கிடாரிக் கன்னுங்கள அடைக்க இடமில்ல. அந்தக் கொட்டகை எனக்கு வேணும்."

"ஆடுங்க எங்கப்பா போவும்?"

"யாருக்காவது குடு. சரி, ஒண்ணு சொல்றேன். இந்தக் கண்காட்சியில மேபல் சாம்பியன் ஆச்சுன்னா கொட்டகை உனக்கு. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை கிடாரி உள்ள, ஆடு வெளிய. பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்" என்றாள் மார்லிஸ்.

கறவை ஆட்டுப் போட்டியில் மடிதான் எல்லாம். மடி நிறைந்து தெரிய வேண்டும் என்று, போட்டிக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் கறந்ததோடு நிறுத்திவிடுவார்கள். போட்டி காலை ஒன்பதுக்கு என்பதால் மார்லிஸ் முந்தின ராத்திரி ஒன்பதுக்குக் கறந்தாள். கணக்கு சரிதான். ஆனால் விடியற்காலை இடியும் மழையுமாகக் கொட்டியதில் களம் சேறாகி, பன்றிப் போட்டி இழுத்துக்கொண்டே போனது. ஒன்பது பத்தாயிற்று, பத்து பன்னிரண்டாயிற்று. ஆடுகளுக்கு இரண்டு மணிக்குத்தான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

மேபல் புல்லைத் தொடவில்லை. பின்னங்கால்களை அகட்டி நின்றது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. மார்லிஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு மணி வரை தன்னை ஏமாற்றிக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கூசும்.

"கொஞ்சமா கறந்து விடேன், யாருக்குத் தெரியப் போவுது" என்றாள் பக்கத்துத் தடுப்பில் இருந்த பெண்.

அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தாள். கை வைத்ததும் சுரீர் என்றது. இடது பக்கம் கல்லாக இறுகிச் சூடேறிக் கிடந்தது. அந்தப் பக்கத்தை முழுசாக வற்ற வைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் மடிநோய்தான். ஒரு பக்கம் வற்றி மறுபக்கம் நிறைந்தால் மடி கோணலாகத் தெரியும். நடுவருக்கு அதைவிடப் பெரிய குற்றமில்லை. அப்படியென்றால் இரண்டையும் கறக்க வேண்டும். கறந்தால் கொட்டகை போச்சு.

"மன்னிச்சுக்கடி மேபல்" என்று முனகியபடி, போட்டிக்குப் போட்ட வெள்ளை உடுப்போடு ஈர வைக்கோலில் மண்டியிட்டுக் கறந்தாள். கடைசிச் சொட்டு வரை. நிமிர்ந்தபோது தடுப்புக்கு அப்பால் அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

நடுவர் வற்றிய மடியைத் தடவிப் பார்த்தார். "மடி அமைப்பு நல்லாருக்கு. ஆனா எவ்வளவு பால் தாங்கும்னு இன்னைக்கு எனக்குத் தெரியலியேம்மா" என்றார். இரண்டாம் இடம்.

வண்டியில் வீடு திரும்பும்போது வெர்னன், "ஞாயித்துக்கிழமை" என்றார்.

"தெரியும்பா."

அழுதாள் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு மைல் தள்ளியிருந்த பெர்ன் அத்தை வீட்டுக்குப் போனாள். பெர்ன் அத்தைக்கு நாற்பது மாடு, முட்டியில் வலி, கொட்டகையில் பாதி காலி.

"அத்தை, காலி எடத்துல என் அஞ்சு ஆடு நிக்கட்டும். பதிலுக்குத் தினம் சாயங்காலம் உங்க மாட்டை நான் கறக்கறேன். பனி விழற வரைக்கும்."

"உங்கப்பன் என்னை வெட்டிப் போடுவான்டி!"

"அவருதான் ஆட்டை வெளிய போகச் சொன்னாரு. அதுங்க கூட நானும் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து ஆட்டையும் சாலையில் நடத்திக்கொண்டு போனாள். மாலை ஐந்துக்கு வெர்னன் கறவைக் கொட்டகையில் தனியாக நின்றார். அறுபது மாடும் கத்தியது. முதல் நாள் ஒன்பதரைக்கு முடித்தார். இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் யாரோ ஒரு கூலியாளைப் பிடித்து மாட்டிடம் விட்டுவிட்டு, பெர்ன் அத்தை கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

மார்லிஸ் கறவை இயந்திரத்தை ஒரு மாட்டிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வா. கிடாரிங்கள வெளிய விட்டுட்டேன்."

"முடியாதுப்பா. பனி விழற வரைக்கும் வரேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

"நான் உன் அப்பன்டி."

"அதான்பா முடியாது. உங்க மகளா இருந்துட்டு சொன்னதை எப்படி மாத்துவேன்?" சொல்லிக்கொண்டே இயந்திரத்தை அடுத்த மாட்டுக்கு மாட்டினாள்.

வெர்னன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மெல்ல நடந்து மேபல் இருந்த தடுப்புக்குப் போனார். எட்டு வருஷமாக ஒரு ஆட்டையும் தொடாத மனுஷன், குனிந்து அதன் மடியின் இடது பக்கத்தில் கையை வைத்தார். அங்கேயே வைத்திருந்தார்.

"சூடு இல்ல. நல்லா எளகிடுச்சு" என்றார். "ஒரு மணி நேரம் பொறுத்திருந்தீன்னா பட்டம் உனக்குத்தான். என் கண்ணால பாத்தேன். நீ கறந்துட்ட."

"அதுக்கு வலிச்சுதுப்பா."

"தெரியும். பனி விழட்டும். அது வரைக்கும் அந்தக் கொட்டகை காலியாவே கெடக்கும்." பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெர்ன் அத்தை பக்கம் திரும்பினார். "இன்னும் எத்தனை மாடு பாக்கி?"