இரண்டாம் ஓலையில் ஒரு திருத்தம்

எங்கள் சபையில் திருமணம் செய்துகொள்ள இருப்பவர்களின் விவரத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனையின் நடுவே ஆயர் வாசிப்பார். ஓலை வாசித்தல் என்று அதற்குப் பெயர். பெயர், பெற்றோர், ஊர், தொழில், முன்பே மணமானவரா இல்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். வாசித்து முடித்தபின், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று அவர் சற்று நிறுத்துவார். எனக்கு நினைவு தெரிந்து அந்த இடைவெளியில் இருமல் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை ஒருவர் எழுந்து நின்று பேசினார். அது என் ஓலை. எழுந்து நின்றவர் மணமகன்.

இதை எழுத எனக்கு விருப்பமில்லை. என் குடும்பத்தைப் பற்றி வெளியாரிடம் பேசி எனக்குப் பழக்கமும் இல்லை. ஆனால் இதை எங்கள் ஊரில் பலர் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தப்பும் தவறுமாகச் சொல்லப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது முறை. பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

என் தகப்பனார் வேலூரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். நான் சென்னையில் தங்கி ஓவியம் படித்தேன். படித்துத் திரும்பியதும் என் அண்ணன் சொன்ன புத்திமதி இன்றும் அப்படியே நினைவில் இருக்கிறது. "யாராவது கேட்டா டிராயிங் டீச்சர்னு சொல்லு. ஆர்ட்டிஸ்ட்னு சொல்லாத. சினிமா பேனர் வரையறவன்னு நெனைச்சுக்குவாங்க." நான் அப்படியே சொன்னேன். தனியார் பள்ளிகளில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாகவே ஓய்வு பெற்றேன். அப்பா காலமான பிறகு வீடு அண்ணனுடையதாயிற்று. நான் சத்துவாச்சாரியில் ஒரு மாடியில் இரண்டு அறைகளுக்குக் குடிபோனேன். இறந்தவர்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்களைப் பார்த்து, வரவேற்பறையில் மாட்டுகிற அளவில் நினைவுப் படங்கள் வரைந்து கொடுத்தேன். சொந்தமாக வரைந்த ஓவியங்களில் விற்றவை இரண்டு. அவற்றில் ஒன்றை வாங்கியவள் என் கல்லூரித் தோழி. அவள் இரக்கப்பட்டுத்தான் வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும்.

நல்ல கேன்வாஸ் வாங்க வசதியில்லாமல் போனபோது, ஏற்றுமதியில் கழித்துப்போட்ட தோல் துண்டுகளின் மேல் வரைந்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஆம்பூரில் அவற்றை விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் வயதான முஸ்லிம் பெரியவர்.

"இன்னா வேணும்மா, செருப்புக்கா, பேக்குக்கா?"

"படம் வரைய."

"படமா!" அவர் திரும்பி, ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த தம் நண்பரிடம் சொன்னார்: "தோஸ்த், கேட்டியா? நம்ம கழிசலுக்கு வந்த யோகத்தப் பாரு."

அந்த நண்பர் என் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். அவருடைய நகக்கண்கள் எல்லாம் கருநீலமாக இருந்தன. "அது வேணாம் டீச்சர். எண்ணெய் ஜாஸ்தி ஏத்துன தோலு. உங்க கலரு ஆறு மாசத்துல செதில் செதிலா வந்துரும்."

"நான் டீச்சர் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

"குடையக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு இப்படி நிக்கிறவங்க வேற யாரு?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த நண்பர் எடுத்துக் கொடுத்த துண்டுகளைத்தான் வாங்கிக்கொண்டு வந்தேன். அவற்றின் மேல் வண்ணம் நின்றது.

அவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்மில் வேலை பார்த்தவர். மனைவியை இழந்தவர். ஆம்பூரில் எங்களுடையதைப் போன்றே ஒரு சபையைச் சேர்ந்தவர். ஆனால் அது வேறு தெரு, வேறு மனிதர்கள். அந்த வித்தியாசத்தை விளக்க வேண்டிய அவசியம் இந்தப் பகுதியில் பிறந்த எவருக்கும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரித் துண்டின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கலவை சொல்லுவார் என்பதைக் கடைக்காரர் மூலம் பின்னால் அறிந்தேன். "ஈரத்துல ஒரு கலரு, காஞ்சா ஒரு கலரு. ஈரத்துல பாக்கும்போதே காஞ்ச கலரு தெரியணும்," என்று அவர் எனக்கு விளக்கினார். கலவையைக் கண்டுபிடிப்பது அவர். தாளில் கையெழுத்திடுவது அதற்கென்று படித்த ஓர் இளைஞர்.

ஞாயிறு பிற்பகல்களில் அவரே தோல் துண்டுகளோடு பேருந்தில் என் மாடிக்கு வர ஆரம்பித்தார். கதவைத் திறந்தே வைத்திருப்பேன். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, நான் வரைந்திருப்பதை வெகுநேரம் பார்ப்பார். ஒரு நினைவுப் படத்தைப் பார்த்து, "மூஞ்சி அவரு மாதிரிதான் இருக்கும் போல. கை மட்டும் வேற யாருதோ," என்றார். உண்மைதான். பாஸ்போர்ட் படத்தில் கை இருக்காது; நான் எல்லோருக்கும் ஒரே கையைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். வாங்கிய வீட்டார் எவரும் அதைக் கண்டுபிடித்ததில்லை. இன்னொரு நாள், "இதுல உங்களுக்குப் புடிச்ச எடம் எது டீச்சர்?" என்று கேட்டார். ஓவியக் கல்லூரியில் படித்த ஆண்டுகளிலும் அதற்குப் பின்னும் எவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நான் காட்டினேன். அவர் எழுந்து அருகில் போய் அந்த இடத்தைப் பார்த்தார். அதற்கு மேல் என் மனநிலையைப் பற்றி எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல.

கீழ்வீட்டு அம்மா ஒருநாள் படியேறி வந்து கேட்டார். "யாரும்மா அது, ஞாயித்துக்கிழமைன்னா வந்துடறாரு?"

"தோல் சப்ளை செய்பவர்," என்றேன்.

அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். கீழ்வீட்டு அம்மா போனதும், "சப்ளையர்னா ஒரு படி மேலதான். பரவால்ல," என்றார். நான் வேறு பேச்சுக்கு மாறினேன். இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார்: "டீச்சர், சப்ளையரா வந்துட்டுப் போறது இனிமே நல்லா இல்ல. ஒண்ணு நான் வர்றத நிறுத்தணும். இல்லேன்னா முறையா வரணும்." முறையாகவே வரட்டும் என்றேன்.

மணமக்கள் இருவருடைய சபையிலும் ஓலை வாசிக்க வேண்டும். அவருடைய சபைக்கான படிவத்தை அவர் நிரப்பினார். எங்கள் சபைக்கான படிவத்தை நான் நிரப்பினேன். மணமகனின் தொழில் என்ற இடத்தில் "லெதர் டெக்னாலஜிஸ்ட்" என்று எழுதினேன். தயங்கி எழுதியதாகச் சொன்னால் அது பொய். என் தகப்பனாரின் பெயரும் பட்டமும் மேல் வரியில் இருந்தன; அதற்குப் பொருத்தமாகக் கீழ் வரியை எழுதினேன்.

முதல் ஞாயிறு அவர் தம் சபையில் இருந்தார். எங்கள் சபையில் ஆயர் வாசித்தார். ஐம்பத்தெட்டு வயதான என்னைக் "கன்னிகை" என்று வாசித்தபோது வாலிபர் பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஆராதனை முடிந்ததும் அண்ணன் என்னிடம் வந்தார். "டெக்னாலஜிஸ்ட்டா? நீ சொல்லவே இல்லையே. சரி, சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்." எந்தத் தெரு என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த அண்ணியும் அன்று கேட்கவில்லை.

இரண்டாம் ஞாயிறு, என்னோடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று அவர் எங்கள் ஆலயத்துக்கு வந்து ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆயர் வாசித்து முடித்து, வழக்கம்போல நிறுத்தினார். பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது.

"ஆட்சேபணை இல்லீங்கய்யா. ஒரு திருத்தம். நான் டெக்னாலஜிஸ்ட் இல்லீங்க. டிரம் ஆளு. சாய டிரம்."

ஆயர் கண்ணாடியைக் கழற்றினார். "உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் பேசிக்கொள்ளலாம்."

"பேசலாங்கய்யா. ஆனா இவங்கெல்லாம் கேட்டுட்டாங்க. அதான் இவங்க இருக்கறப்பவே சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு முன் இருந்த பெண்ணின் புடவைப் பின் ஒரு பக்கம் வளைந்திருந்தது. மிச்ச ஆராதனை முழுவதும் அந்தப் பின்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமோ கோபமோ வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்குமுன் போடும் ஊசி இறங்கியதுபோல முகம் முழுக்க மரத்துக் கிடந்தது. அது அன்றோடு தெளியவில்லை.

வெளியே அண்ணன் குரலை உயர்த்தாமலே பேசினார். "அப்பா பேரு ஒரு வரி. அடுத்த வரி டிரம் ஆளு. மூணாவது ஓலைக்குள்ள யோசிச்சுக்கோ. அப்படித்தான் வாசிப்பாங்கன்னா நாங்க உட்கார்ந்திருக்க மாட்டோம்." அண்ணி, "எந்தத் தெருன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்," என்று மட்டும் சொன்னார்.

பேருந்து நிறுத்தத்தில் அவரிடம் கேட்டேன். "நான் எழுதியதில் என்ன பொய்? கலவையைக் கண்டுபிடித்தது நீங்கள்தானே?"

"நான்தான். ஆனா டெக்னாலஜிஸ்ட்ங்கறது கையெழுத்துப் போட்ட பையனோட பேரு. முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கையி நீலமா கெடக்குது. அத எந்தக் கணக்குல வெக்கறது?" ஆம்பூர் பேருந்து வந்து நின்றது. "அடுத்த வாரம் நான் வர மாட்டேன் டீச்சர். சரியா எழுதிக் குடுத்தீங்கன்னா படிக்கட்டும். முடியலேன்னா நிறுத்திடச் சொல்லுங்க. பேஜார் ஒண்ணும் இல்ல. சப்ளையரா மட்டும் திரும்பி வர மாட்டேன்."

புதிய படிவத்தை என் கையாலேயே எழுதித் தர வேண்டும் என்றார் ஆயர். வெற்றுப் படிவம் நான்கு நாட்கள் வண்ணத்தட்டின் அடியில் கிடந்தது. இந்த இடத்தில் நான் ஏதோ துணிவு கொண்டேன் என்று வாசிப்பவர்கள் எண்ணக்கூடும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை பழைய படிவத்தைப் பார்த்து மற்ற விவரங்களைப் பெயர்த்து எழுதினேன். மணமகளின் தொழில் என்ற இடத்தில் "ஆசிரியை, ஓய்வு" என்று நானே எழுதியிருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு புதிய படிவத்தில் என் பெயருக்கு எதிரே "ஓவியர்" என்றும் அவர் பெயருக்கு எதிரே "டேனரித் தொழிலாளி, சாய டிரம்" என்றும் எழுதி, மை காயும் முன்பே மடித்துவிட்டேன். எதிர்ப்பக்கத்தில் கறை ஒட்டியது.

மூன்றாம் ஞாயிறு ஆயர் அதை வாசித்தார். நிறுத்தினார். அண்ணனும் அண்ணியும் எழுந்து நடு வழியாக வெளியே போனார்கள். யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். சாட்சிக் கையெழுத்தைக் கீழ்வீட்டு அம்மா போட்டார்.

இது நடந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அதே மாடியில்தான் இருக்கிறோம். தோலை அவர் பதப்படுத்தித் தர, நான் வரைகிறேன். படங்கள் இன்றும் விற்பதில்லை. இன்னமும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். இத்தனை ஆண்டுகளில் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வந்ததில்லை.

சென்ற மாதம் அண்ணன் மகளின் திருமண அழைப்பிதழ் தபாலில் வந்தது. வரவேற்போர் பட்டியலின் கடைசியில் எங்கள் இருவர் பெயரும் இருந்தன. என் பெயருக்குக் கீழே ஓவிய ஆசிரியை, ஓய்வு. அவர் பெயருக்குக் கீழே லெதர் டெக்னாலஜிஸ்ட், ஓய்வு.

"உங்க அண்ணன் எனக்கு ப்ரமோஷன் குடுத்து ரிட்டயரும் பண்ணிட்டாரு," என்று சிரித்தார்.

"நீங்கள் எதுவும் சொல்லப்போவதில்லையா?"

"கல்யாண வீடு டீச்சர். ஏழு வருஷம் கழிச்சுக் கூப்புட்டிருக்காங்க. இந்த ஒரு தடவ இருந்துட்டுப் போவட்டும். உங்களுக்காகத்தான்."

காட்பாடியில் திருமண மண்டபம். நான்காவது வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணன் வந்து என் தோளில் கை வைத்து, "வந்துட்டியா," என்றார். கை இருந்த இடம் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், பக்கத்து நாற்காலியில் அமர்ந்து மரியாதையாகப் பேச்சைத் தொடங்கினார்.

"சார் எந்தக் கம்பெனியில டெக்னாலஜிஸ்ட்டா இருந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் கைகளைக் கோத்து மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் நகக்கண்களின் நீலம் முழுதாகப் போகவில்லை. எனக்காகத்தான் சும்மா இருக்கிறார் என்பது புரிந்தது.

"டெக்னாலஜிஸ்ட் இல்லைங்க," என்றேன். "ஆம்பூர்ல டேனரித் தொழிலாளி. சாய டிரம். முப்பத்தி நாலு வருஷம். பத்திரிகையில தப்பாப் போட்டுட்டாங்க."

வகுப்பறையில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் என்னுடையது. முன் வரிசை திரும்பியது. அதில் அண்ணியும் இருந்தார். பெரியவர், "அப்படீங்களா, நல்லது," என்று சொல்லி, சிறிது நேரம் மரியாதைக்காக உட்கார்ந்திருந்து, பந்தியைப் பார்த்துவிட்டு வருவதாக எழுந்து போனார்.

"டீச்சர்," என்றார் அவர், மேடையைப் பார்த்தபடியே.

"என்ன?"

"முப்பத்தி ஆறு வருஷம்."

பெரியவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. முன் வரிசை இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முப்பத்தி ஆறு," என்றேன், அவர்களிடம்.