லோசனி அக்காவுக்கு நான் எழுதிய பெயர்

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். லோசனி அக்காவோடு, பல்கலைக்கழகத்துக்குப் போக முன் படிக்கும் கொலெக்கில், ஒரே வாங்கில் இருந்து படித்த உங்களுக்கு மட்டும்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை நினைவுக்கூட்டத்தில் என் அப்பா பேசுவார். நன்றாகவே பேசுவார். அதற்கு முன் நீங்கள் இதை வாசித்திருக்க வேண்டும். அகதி முகாமில் எல்லோரும் படுத்த பிறகு, பொதுக் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை நான் பள்ளிக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது முகாம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. பொறுப்பாளர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். ஜெர்மன் பேச வேண்டிய இடத்தில் எல்லாம் எங்கள் வீட்டுக்கு நான்தான் வாய். பேசியவர் ஒரு பொலிஸ்காரர். பொன்னையா என்பவர் இறந்துவிட்டதாகச் சொன்னார். கேட்டதை அப்படியே தமிழில் சொன்னேன்.

"பொன்னையா செத்துப்போட்டாராம், அப்பா."

"ஆர், லோசனியின்ரை தகப்பனோ? அந்தாள் ஊரிலை செத்து ரண்டு வருசம். இவங்களுக்கு இப்பதான் தெரிய வந்ததோ?"

அப்பா சிரித்தார். என்னவென்று தெரியாமலே பொறுப்பாளரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயர் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடியற்காலையில் சலவைத் தொழிற்சாலைக்குப் போகும் வழியில், உறைந்த தெருவில் சைக்கிள் வழுக்கி, லொறிக்குக் கீழே போனது அக்கா.

அக்கா இந்த முகாமுக்கு வந்த கிழமை எனக்குப் பதினொரு வயது. அவருடைய அகதி விண்ணப்பத்தை நிரப்ப வேறு ஆள் இல்லை. அதில் "ஃபோர்நாமே" என்று ஒரு கட்டமும் "நாஹ்நாமே" என்று ஒரு கட்டமும் இருந்தன. ஃபோர் என்றால் முன், நாஹ் என்றால் பின். எங்கள் பெயரில் முன்னுக்கு வருவது தகப்பன் பெயர். முதல் கட்டத்தில் பொன்னையா என்றும் இரண்டாவதில் பத்மலோசனி என்றும் அழகாக எழுதினேன். அதுவே அடையாள அட்டையிலும் ஏறியது. அப்பாவும் எங்கள் விண்ணப்பத்தை அப்படித்தான் நிரப்பியிருந்தார். முதல் கட்டத்தில் கேட்டது சொந்தப் பெயரை என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் பள்ளியில் இன்றைக்கும் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள். அக்காவுக்கு அது பெரிய பகிடி. "எடி செல்லத்துரை, தேத்தண்ணி குடிச்சிட்டியோ?" என்று நடைபாதையின் அந்தத் தொங்கலில் இருந்து கத்துவார். அப்பா எட்டிப் பார்ப்பார்.

கொலெக்கில் அவர் எப்படிப் படித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். கணக்கில் உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர், ஜெர்மன் கட்டுரையில் மட்டும் சறுக்குவார். "மேசை ஆம்பிளையாம், கதவு பொம்பிளையாம், பொம்பிளைப் பிள்ளை மட்டும் அஃறிணையாம். இதென்ன பாசையடி?" என்பார். கடைசிச் சோதனையில் தேறிய அன்று முகாம் முழுவதற்கும் கேசரி கிண்டினார். அந்தச் சான்றிதழில் அவருடைய பெயர் சரியாக இருந்தது. அவருடைய யாழ்ப்பாணத்துச் சான்றிதழைப் பார்த்து உங்கள் ஆசிரியை எழுதியது அது.

பல்கலைக்கழகத்தில் பதியப் போனபோது நானும் கூடப் போனேன். எங்கள் மாவட்டத்தைத் தாண்டுவதற்கே அனுமதிக் கடிதம் வேண்டும். அதை வாங்க ஒன்பது நாள் ஆகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இவை இரண்டு பேருடைய கடதாசிகள் என்றார். ஒரே ஆள்தான் என்று கடிதம் கொண்டுவரச் சொன்னார். வெளிநாட்டவர் அலுவலகம் கடவுச்சீட்டைக் கேட்டது. அகதியாக வந்தவர் தன் நாட்டுத் தூதரகத்தில் போய்க் கடவுச்சீட்டுக் கேட்டால், அங்கே போகப் பயமில்லையே, திரும்பிப் போ என்பார்கள். கொலெக்குக்குப் போனோம். நீங்கள் முடித்துவிட்டீர்கள், இப்போது எங்கள் மாணவி இல்லை என்று செயலாளர் அன்பாகச் சொன்னார். பதிவு நாள் கடந்துபோனது.

"அங்கை நான் முடிச்ச ஆள், இங்கை துவங்காத ஆள். நடுவிலை நிக்கிறவைக்கு ஒரு கதிரை கூடப் போடேல்லை" என்று ரயிலில் சொன்னார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்குக் காசு வேண்டாம், பரிதாபம் வேண்டாம். என்ரை கடதாசியளை என்னோடை இருந்து ஒருக்கா வாசிக்க ஒரு வளந்த ஆள் இருந்திருக்கலாம்."

வளர்ந்த ஆள் என்ற சொல் எனக்கானது; அந்தக் கடதாசியை நிரப்பியது பதினொரு வயது நான். அவர் என்னை மன்னித்தார் என்று நான் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னைச் செல்லத்துரை என்று கூப்பிடவில்லை.

அடுத்த பதிவுக்கு முன்னர் அக்கா அப்பாவைத் தேடி எங்கள் அறைக்கு வந்தார். கட்டிலில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"அண்ணை, ஒருக்கா அலுவலகத்துக்கு என்னோடை வாங்கோ. தகப்பன் பேர்தான் எங்களுக்கு முன்னுக்கு வாறது, உங்கடையும் அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு எண்டு சொன்னாக் காணும்."

"பிள்ளை, எங்கடை கேசும் கிடக்கெல்லோ. எல்லாரும் பொய்ப் பேர் குடுத்தவை எண்டு திருப்பி அனுப்பினாங்கள் எண்டால்? எனக்கு ஏலாது."

"ஓம் அண்ணை. விளங்குது."

அவ்வளவுதான். அப்பா சொன்னதில் பொய் இல்லை. பொய்த் தகவல் கொடுத்தவர்கள் என்று அந்த மாதம் ஒரு குடும்பத்தை அனுப்பியிருந்தார்கள். எனக்கும் அதே பயம். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அக்கா சலவைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அதே அப்பா இப்போது "என்ரை சொந்தப் பிள்ளை மாதிரி" என்று தொடங்கும் உரையை இரண்டு நாளாக எழுதுகிறார். 'சொந்த' என்ற சொல்லுக்கு எந்த 'ந' போடுவது என்று என்னிடமே கேட்டார்.

அக்காவின் பெட்டியைக் கட்டியபோது அந்தக் கொலெக் சான்றிதழை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், வளர்ந்த ஆள் என்ற அந்தச் சொல்லும்தான். இந்த நாட்டுக்காரர் கொடுத்த கடதாசிகளில் அவருடைய பெயர் சரியாக இருப்பது அது ஒன்றில்தான். நாளைக்கு மரணப் பதிவுக்கு டெர்மின், வரச் சொல்லி நேரம் தந்திருக்கிறார்கள். அங்கே எழுதுவதைத்தான் கல்லறையிலும் வெட்டுவார்கள். "அட்டையிலை கிடக்கிற பேர் சரியெண்டு சொல்லு. வேறை ஒரு கதையும் வேண்டாம்" என்று அப்பா இரண்டு தரம் சொல்லிவிட்டார். சான்றிதழைக் காட்டினால் அடுத்து எங்கள் கோப்பைத் திறப்பார்கள். தம்பி இப்போதுதான் பாலர் பள்ளியில் சேர்ந்திருக்கிறான்.

பதிகிறவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. நடுவில் இருக்கப்போவது நான். இவருடைய சொந்தப் பெயர் எது என்று அவர் கேட்டால் நான்

கதவைத் தட்டுகிறார்கள்.