சட்டைப்பையில் ஃபியூஸ் கட்டை

தாம்பரத்தில் எங்கள் சமூகக் கூடத்தில் நான் இலவச ஒயரிங் வகுப்பு எடுத்தபோது ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், உப்புக்காற்றில் காய்ந்த முகம், தடித்த விரல்கள். மீன்பிடியை விட்டுவிட்டு வேறு வேலை கற்க வந்தவர். ஒயரைத் தொடுமுன் மெயின் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"மெயினைத்தான் ஆஃப் பண்ணிட்டேனே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டேன்.

"ஆஃப் பண்ணது நீங்க சார். ஆன் பண்றது யாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

வகுப்பே சிரித்தது. இவ்வளவு பயந்தால் யார் வேலை கொடுப்பார்கள் என்று நான் கடிந்தும்கொண்டேன்.

மறுவாரம் ஏணிமேல் நின்று பழைய ஒயரை வெறுங்கையால் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கீழே தையல் வகுப்புக்கு வந்த ஒரு அக்கா, மிஷின் ஓடவில்லையே என்று மெயினைப் போட்டுவிட்டார். 'டக்' என்று கேட்டது. ஒயர் என் விரல்களில்தான் இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. அந்த மீனவர் தன் சட்டைப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். நான் ஏறுமுன்பே அவர் பிடுங்கிய கட்டை உள்ளே இருந்தது.

இப்போது எங்கே வேலை செய்கிறாரோ, தெரியவில்லை. ஏணியில் ஏறுமுன் நான் என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறேன். அது கனக்காவிட்டால் என் கால் முதல் படியைத் தாண்டுவதில்லை.