கேஷ் டிரைவைக் கழற்றியவரும் டார்ச் பிடித்தவரும்

"உங்க ஆள் பூட்டின சாமான் கழண்டு விழுந்து எங்க கம்பியூட்டரே செத்துப் போச்சு. அவனையே அனுப்புங்க. சரிவராட்டி உங்க கடையோட எங்களுக்குப் பேச்சே இல்ல."

ஹட்டன் கடைக்கு வந்த போன் இது. பேசியவர் டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றின் டீமேக்கர். தேயிலை பெக்டரி முழுவதும் அவர் பொறுப்பு. "உங்க ஆள்" என்றது என்னை.

கடை முதலாளி நசீர் நானா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போங்க தம்பி. மெஷின் எழும்பினா கடைக்கு வாங்க. எழும்பாட்டி அப்படியே வீட்டுக்குப் போங்க."

அவர் பகிடி விடவில்லை, நிஜமாகத்தான் சொன்னார். அந்தத் தோட்டத்துக் கம்பெனிக்கு இன்னும் பல தோட்டங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் எங்கள் கடைதான் சேர்விஸ்.

ஏன் பூட்டினேன்

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் ஆட்களுக்காக எழுதுகிறேன் என்பதால் விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்.

அது கொழும்பு ஹெட் ஒபீஸ் அனுப்பிய புது டெஸ்க்டொப். ஆனால் உள்ளே இருந்தது பெரிய, மந்தமான ஹார்ட் டிஸ்க். பெக்டரியில் ரோலர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைட் மங்கும், கம்பியூட்டர் அணையும். திரும்ப எழும்பி ஸ்டொக் புரோகிராம் திறக்கும்வரை கணக்கு எழுதும் பெக்டரி கிளாக் ஜெயந்தி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கொழுந்து நிறுத்து லொறியும் போயிரும்ணே, இது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும்" என்பாள்.

டிஸ்க்கையே மாற்றியிருக்கலாம். அதற்குக் கொழும்பு அனுமதி வேண்டும். அங்கே ஒரு பேப்பர் போனால் திரும்பி வராது. ரிப்பேர் சாமான் என்றால் டீமேக்கரே வாங்கலாம். அதனால் எல்லாத் தோட்டங்களிலும் செய்கிற வேலையை நானும் செய்தேன். சின்ன கேஷ் டிரைவ் ஒன்றை மதர்போர்டில் பூட்டி, ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்துவிட்டேன். அதற்கு முன் யூபிஎஸ் பெட்டரியை மாற்ற வைத்தேன். பெட்டரி செத்த இடத்தில் இதைப் பூட்டவே கூடாது.

கேஷ் டிரைவ் என்பது விரல் நீளப் பச்சைத் தகடு. அடிக்கடி தேவைப்படுவதை அது தன்னிடம் வைத்துக்கொள்ளும். புதிதாக எழுதுவதும் முதலில் அதில்தான் விழும், பிறகுதான் ஆறுதலாக, மெதுவாக ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் முழுசு. கழற்ற வேண்டுமென்றால் முதலில் சொப்ட்வெயாரில் பிரிக்க வேண்டும். சும்மா பிடுங்கினால், திரும்பச் சேரும்வரை இரண்டுமே குப்பை.

இதை டீமேக்கருக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன். "ஐயா, கொழுந்து பாதி மேல வாடப் போட்டிருக்கு, பாதி ரோலருக்குள்ள இருக்கு. ஒரு பாதிய யாராவது தூக்கிட்டுப் போனா தூள் வருமா?"

"வெளங்குதுடா. நான் என்ன பச்சப் புள்ளையா?" என்று சிரித்தார்.

அதையும் நம்பாமல் கேசிங்கின் பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் ஸ்டிக்கர் எழுதி ஒட்டினேன்: உள்ளே உள்ளதைக் கழற்ற வேண்டாம். ஹட்டனுக்குப் போன் செய்யவும்.

மெஷின் பறந்தது. ஜெயந்தி பிளேன்டீ ஊற்றித் தந்தாள். அடுத்த மாதம் இந்தப் போன்.

காலி ஸ்லொட்

பெக்டரி ஒபீசுக்குள் போனேன். திரையில் டிஸ்க் இல்லை என்று கறுப்பில் வெள்ளையாக நின்றது. கேசிங்கின் பக்கத்தைப் பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லை. உரித்த பசை மட்டும் இருந்தது, அதில் தேயிலைத் தூசு பஞ்சு போல ஒட்டியிருந்தது. திறந்தேன். ஸ்லொட் காலி. தகட்டைப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூவைத் திரும்ப அதன் ஓட்டையிலேயே அழகாக முறுக்கி வைத்திருந்தார்கள்.

"தகடு எங்க ஐயா?"

"நான்தான் சொன்னேனே, கழண்டு விழுந்திருச்சு. கூட்டிப் பெருக்கும்போது போயிருக்கும்."

"ஸ்க்ரூவக் கழட்டி, வெளிய வந்து, ஸ்க்ரூவத் திரும்ப முறுக்கிட்டு, மூடியையும் சாத்திட்டுப் போயிருக்கோ?"

"வாய் நீளுது. நீ எந்தத் தோட்டத்துப் பயடா?"

சொன்னேன். தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயம் என்றும் சொன்னேன். அவரும் லயத்தில் பிறந்து, பெக்டரிப் பையனாக வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். எனக்கு ஏறிய கோபத்தில் பாதி அதனால்தான்.

"தகடு கெடைச்சா எல்லாம் திரும்ப வரும். கெடைக்காட்டி போன கணக்கு போனதுதான்" என்றேன்.

"அப்ப போகட்டும். நீ பூட்டினது சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

ரோலரில் ஏதோ சத்தம் கேட்டு அவர் வெளியே போனார். ஜெயந்தி தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அண்ணே, நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. சின்னதொரைதான் கழட்டிக்கிட்டுப் போனாரு. பங்களாவுல கேம் வெளாட பெரிய கம்பியூட்டர் வச்சிருக்காராம். இது என்ன புது டிரைவான்னு கேட்டு, கழட்டிப் பையில போட்டுக்கிட்டாரு." சின்னதுரை என்றால் தோட்டத்து உதவி மேனேஜர், டீமேக்கருக்கும் மேலே.

"ஐயா எங்க இருந்தாரு?"

"பக்கத்துலதான். தொரைக்கு உள்ள தெரியலன்னு அவருதான் டார்ச் புடிச்சாரு."

"ஸ்டிக்கரு?"

"தொரை அந்தப் பக்கமே பாக்கல. மெஷின் எழும்பலன்னதும் ஐயாதான் உரிச்சாரு."

"அப்ப போய்க் கேட்டா முடிஞ்சுதே. பங்களா இந்தா மேலதானே இருக்கு?"

ஜெயந்தி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. நான் குளவிக் கூட்டில் கையை விடச் சொன்னதுபோலப் பார்த்தாள். "தொரைகிட்டக் குடுத்தத யாருண்ணே திரும்பக் கேப்பா?"

ஒரு பெக்டரியின் கணக்கு முழுவதும் மேட்டுப் பங்களாவில் கிடக்கிறது. நடந்து போய்க் கேட்டால் கிடைக்கும். கேட்பதைவிடக் கணக்குத் தொலையட்டும், ஹட்டன் கடைக்காரன் வேலை போகட்டும் என்று ஒரு மனிதர் முடிவெடுத்துவிட்டார். துரை அவரை மிரட்டவில்லை. அடிக்கவில்லை. துரைக்கு இது எதுவுமே தெரியாது.

பங்களா

நான் ஏறிப் போனேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம். எழுதிக் கொடுத்தாலும் வேலை போகும், கொடுக்காவிட்டாலும் போகும்.

முன்வாசலுக்குப் போனதும் பங்களா குக் ஓடி வந்தார். "தம்பி, தம்பி! முன்னால வராதப்பா. பின்னால குசினிப் பக்கமா வா."

அந்த நேரம் பார்த்துத் துரையின் நாய் முன்கதவால் உள்ளே போனது.

"அது போகுதே அண்ணே."

"அது தொரையோட நாயி. நீ யாரு?"

சத்தம் கேட்டு சின்னதுரையே வெளியே வந்தார். சின்ன வயது, காற்சட்டை, காதில் ஹெட்போன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்: "சேர், பெக்டரி கம்பியூட்டரில் எடுத்த தகடு வேணும். அது இல்லாமல் மெஷின் எழும்பாது."

"ஆ, ஏகத? கன்ன, கன்ன" என்றார். அதுவா, எடுத்துக்கொள் என்று. உள்ளே போய் மேசை லாச்சியில் கிளறிக் கொண்டுவந்து கையில் தந்தார். இடம் மிகவும் குறைவு, தனக்குப் பிரயோசனப்படவில்லை, மெஷினில் போடவே இல்லை என்றார். அது என் அதிர்ஷ்டம். போட்டு போர்மட் பண்ணியிருந்தால் அவ்வளவுதான்.

பிறகு அவரே கேட்டார்: "டீமேக்கர் பக்கத்தில்தானே நின்றார்? கழற்றக் கூடாது என்று சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டேனே."

தகட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாவது ஸ்டிக்கர்

அதே ஸ்லொட்டில் பூட்டினேன். மெஷின் எழும்பியது. ஸ்டொக் புரோகிராம் திறந்தது, எல்லாக் கணக்கும் இருந்தது. ஜெயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டீமேக்கர் திரையைப் பார்க்கவில்லை. "யாரக் கேட்டுடா பங்களாவுக்குப் போன?"

"தொரை நல்லாத்தான் பேசினாரு ஐயா. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா கழட்டியே இருக்க மாட்டாராம்."

அவர் முகம் செத்துவிட்டது. நான் அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. புது ஸ்டிக்கர் எடுத்து, முன்பக்கம் கண்ணில் படும் இடத்தில், இரண்டு பாஷையிலும் பெரிதாக எழுதி ஒட்டினேன்: யாரும் கழற்றக் கூடாது. துரையும்தான்.

"டேய், உரிடா அத!"

"நீங்க உரிங்க ஐயா. உங்களுக்குத்தான் பழக்கம்."

நான் கடைக்குத் திரும்பும் முன்னமே டீமேக்கரின் போன் வந்துவிட்டிருந்தது.

"மெஷின் எழும்பிச்சா?" நசீர் நானா கேட்டார்.

"எழும்பிச்சு நானா."

"அப்ப ஏன் அந்த மனுசன் இப்படிக் கத்துறாரு?"

சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "உங்களுக்கு வேல தெரியும் தம்பி. ஆனா அந்தக் கம்பெனி எனக்கு வேணும். நாளைக்குப் போய் அத உரிச்சிட்டு, அவர்கிட்ட ஒரு மன்னிப்பும் கேட்டுட்டு வாங்க. எல்லாம் சரியாயிரும்."

நான் போகவில்லை. எனக்கு வேலை போனது. இப்போது வலப்பனையில் ஒரு அறைக் கடை வைத்திருக்கிறேன். தோட்ட ஒபீஸ் வேலை எதுவும் எனக்கு வருவதில்லை.

சில நாள் கழித்து ஜெயந்தி போன் பண்ணினாள். நான் கிளம்பி வந்த பிறகு டீமேக்கர் கத்தியால் ஸ்டிக்கரைச் சுரண்டத் தொடங்கினாராம். அந்த நேரம் சின்னதுரை உள்ளே வந்துவிட்டார். குனிந்து வாசித்தார். "ஹரி, ஹரி" என்று, அதாவது சரி சரி என்று, சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு டீமேக்கர் கத்தியை வைத்துவிட்டார்.

"இப்ப காலையில அவரே அதத் தொடைக்கிறாருண்ணே. 'தொரை பாத்த சாமான், ஒருத்தரும் கைவைக்காதீங்க'ன்னு எங்களுக்குச் சட்டம் போடுறாரு."

அதனால் கேஷ் டிரைவ் பூட்டினால் பெட்டரி பாருங்கள், ஸ்க்ரூவை இறுக்குங்கள், ஸ்டிக்கர் ஒட்டுங்கள். கழற்றக் கூடியவர் யாரோ அவரைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் டார்ச்தான் பிடிப்பார்.