ஐந்து ஜோடி செருப்பும் ஒரு கடிகாரமும்

குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. லைனில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை விளக்குக்குக் கீழே புரட்டிப் பார்த்து, தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். செய்தவள் நாலடி தள்ளி நின்று முறைப்பாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன். ‘பொருளைத்தானே சொல்றேன், உன்னையா சொல்றேன்’ என்று உபதேசம் வேறு செய்திருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வேலை நேரம் போக நான் மரம் செதுக்குவேன். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. பென்னலூரில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் உளியும் பலகையுமாக மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். மயில், தாமரை, பிள்ளையார் என்று வீடியோவில் வருவதை அப்படியே பார்த்துச் செய்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். சொந்தமாக எதையும் யோசிக்காத வரைக்கும் நான் பெரிய கலைஞர்.

எங்கள் ஐந்து பேரில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. தென்காசிப் பக்கத்துக்காரி. நாலு வருஷமாக எனக்கு அடுத்த பாயில் படுத்தவள். வேலையை விட்டுவிட்டு ஊரோடு போகிறாள். லைனில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுப்பது எங்கள் வழக்கம். ஒரு கல்யாணத்தில் வந்த ஏழு கடிகாரமும் ஏழு நேரம் காட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவளுக்காவது என் கையால், என் சொந்த யோசனையில் ஒன்று கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என் ஞாபகம் வர வேண்டும். என் பேராசை அவ்வளவுதான்.

அவள் ஜவுளி எடுக்க ஊருக்குப் போன சமயத்தில், பழைய கதவு விற்கும் கடையில் ஒரு தேக்குப் பலகை வாங்கி வந்து செதுக்கினேன். மயிலுமில்லை, தாமரையுமில்லை. எங்கள் அறை வாசலில் கிடக்கும் ஐந்து ஜோடி செருப்பு. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருப்பது கல்யாணப் பெண்ணுடையது. நடுவில் இருப்பது என்னுடையது. காலைத் தேய்த்து நடப்பேன், அதனால் இடது குதிகால் தேய்ந்திருக்கும். அந்தத் தேய்மானத்துக்கு மட்டும் மூன்று சாயங்காலம் ஆனது. உப்புத்தாள் போட்டு முடித்துப் பார்த்தபோது எனக்கே கர்வம் தாங்கவில்லை.

முதல் கருத்து அறையிலேயே கிடைத்தது.

“என் செருப்ப மட்டும் எதுக்குடி குப்புறப் போட்டிருக்க?” என்றாள் ஒருத்தி.

“நீ தினமும் அப்படித்தானே கழட்டிப் போடுற?”

செருப்பு குப்புறக் கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். மரச் செருப்புக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்தது, துணி எடுக்க மாடிக்கு வந்த வீட்டுக்காரம்மா.

“இன்னாமா இது, மீனுங்களா?”

“செருப்புக்கா. கல்யாணத்துக்குக் குடுக்க.”

“கண்ணாலத்துக்கு எவளாச்சும் செருப்பு குடுப்பாளா? அந்தப் பொண்ணு மாமியா வூட்ல இன்னா நெனைப்பாங்கோ? பேசாம வாரெல்லாம் செதுக்கி எட்த்துடு. எல்லாம் மாவெலை ஆயிடும். மங்களகரமா இருக்கும்.”

அநியாயம் என்னவென்றால் அது உண்மை. வாரை எடுத்துவிட்டால் செருப்பு மாவிலைதான்.

மூன்றாவது, எங்கள் சூப்பர்வைசர். டீ பிரேக்கில் போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி, சின்னதாக்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“டிசைன் ஓகேம்மா. ஆனா இதோட ஃபங்ஷன் என்ன? நடுவுல ரவுண்டா கட் பண்ணி ஒரு கடிகாரம் ஃபிட் பண்ணிடு. கஸ்டமர் ஹாப்பி.”

சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் வீட்டுக்காரம்மா சொன்ன மாமியார் வீடு மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. என்னால் அவளுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பேச்சு வந்துவிட்டால்? பயந்துவிட்டேன். கடிகாரம் இருந்தால் செருப்பு கண்ணில் படாது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, நடுவில் வட்டமாக வெட்டினேன். போனது என் ஜோடி. வேறு யாருடையதை வெட்ட முடியும்? கேட்டால் இன்னும் நாலு கருத்து வரும்.

பிறகு எல்லாருக்கும் பிடித்துவிட்டது. “கடிகாரம் சூப்பர்டி” என்றாள் குப்புறச் செருப்புக்காரி. மொத்தப் பலகையில் நான் செய்யாதது அது ஒன்றுதான்.

கல்யாண மேடையில் ஜிகினாக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன். போட்டோக்காரர் எங்களை இந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார், அந்தப் பக்கம் இறங்கச் சொன்னார். அவ்வளவுதான். அதற்கப்புறம் பத்து நாள் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அவள்தானோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பதினோராம் நாள் கூப்பிட்டாள்.

“ஏட்டி, மொத்தம் எட்டு கடிகாரம் வந்திருக்கு. அதுல ஒண்ணு நீ குடுத்தது.”

“உங்க மாமியார் என்ன சொன்னாங்க?”

“யாரு செருப்பு இதெல்லாம்னு கேட்டாவ. ஒவ்வொண்ணா சொன்னேன். ஊக்கு குத்துனது என்னுதுன்னதும் ஒரே சிரிப்பு. அது கெடக்கட்டும், நாலு ஜோடிதாம்ட்டி இருக்கு. உன் செருப்ப எங்க?”

“கடிகாரம் இருக்குல்ல, அந்த இடத்துல இருந்துச்சு. எல்லாரும் சொன்னாங்கன்னு வெட்டிட்டேன்.”

போனை எங்கோ வைத்துவிட்டு எதையோ நெம்பும் சத்தம் கேட்டது.

“கடிகாரத்தக் கழட்டியாச்சு,” என்றாள் திரும்ப வந்து. “இந்தப் பலகைய வாசப் பக்கத்துல மாட்டுதேன். ஓட்டை அப்படியே கெடக்கட்டும். நீ வந்து அதுக்கு நேரா கீழ செருப்ப விட்டுட்டு உள்ள வா.”

நான் அழுதேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, அதற்கும் கருத்து சொல்வார்கள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார்.

“கஸ்டமர் கம்ப்ளைன்ட் சார். நேர்ல போய்த்தான் சரி பண்ணணும்,” என்றேன்.