மான் காதும் மாவுப் பசையும்

மான் தலையைப் பாடம் செய்கிறவர்களைக் கேட்டால் கண்தான் கஷ்டமான இடம் என்பார்கள். நான் காது என்பேன். கண் வெறும் கண்ணாடி, கடையில் விற்கிறது. காதுக்குள் இருக்கும் குருத்தெலும்பை உரித்தெடுத்து, அதன் இடத்தில் பிளாஸ்டிக் அச்சைச் செருகி, இரண்டு பக்கத் தோலையும் அதோடு ஒட்ட வேண்டும். தோல் காயும்போது சுருங்கும். பசை பிடிக்காத இடத்தில் அச்சை விட்டு எழும்பிவிடும். பிறகு அந்த மான் அப்பளக் காதோடு வேட்டைக்காரரின் வரவேற்பறையில் காலமெல்லாம் தொங்க வேண்டியதுதான்.

அவசரக்காரர்கள் எபாக்ஸி பூசுவார்கள். அது சட்டென்று இறுகும், கோணலாக வைத்தால் கோணல்தான். ஈரத்தோலில் அது பிடிக்கும் என்றும் நம்ப ஏலாது. எலும்புப் பசை நன்றாகப் பிடிக்கும், ஆனால் அது மாட்டு எலும்பைக் காய்ச்சி எடுப்பது. நான் மாவுப் பசைக்காரி. அச்சைச் சாண்ட்பேப்பரால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பசையைப் பூசி, காது விளிம்பில் காகித மட்டை வைத்து ஊசி குத்திவிடுவேன். அதன்பின் காலையும் மாலையும் போய் விரலால் அழுத்திக்கொடுக்க வேண்டும். மெதுவாகக் காய்கிற பசை, பிழையைத் திருத்த இடம் தரும். ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் மட்டும் மன்னிக்காது.

அம்மா ஊருக்குச் சொல்லிவைத்திருப்பது, எனக்கு மியூசியத்தில் வேலை என்று. வீட்டில் அவரது சட்டம் வேறு. செத்த மிருகத்தைத் தொடுகிறவளுக்கு வருடம் முழுக்கத் துடக்கு. நான் சாமி விளக்கேற்றக் கூடாது, அடுப்படிக்குள் வரக் கூடாது. எங்கள் ஆட்களிடம் கறி வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கமில்லை, எதையாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் ஔஸ்பில்டுங் என்கிற இந்த ஜெர்மன் தொழிற்பயிற்சியைத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா எனக்குத் தருவதெல்லாம் சூப்பர்மார்க்கெட் தயிர் வாளியில்தான். வாளியைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. என் கையால் ஒன்றும் அந்த வீட்டுக்குள் போகாது. நல்ல கெட்டித்தனம்.

தம்பியின் மனைவி சூப்பர்மார்க்கெட்டில் பன்றி இறைச்சி வெட்டிக் கொடுக்கிறாள். அவளுக்குத் துடக்கில்லை. "அவள் கையுறை போட்டெல்லோ வெட்டுறவள்" என்பார் அம்மா. நானும் கையுறைதான் போடுகிறேன், அது கணக்கில் சேராது.

அப்பா அப்படியில்லை. சனிக்கிழமைகளில் பட்டறைக்கு வருவார், சுவரிலிருக்கும் மானின் காதைத் தடவி "இவருக்கு இப்ப கேக்குமோ?" என்பார். பிறகு நான் கொண்டுவந்த சோற்றைப் பின்னறையில் இருந்து சாப்பிடுவார். கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு என்றால் கையை நக்குவார். இரண்டு பேரும் அம்மாவிடம் மூச்சு விடமாட்டோம். அப்பா போய் ஒரு வருடமாகிறது. முதலாம் ஆண்டுக்கு வரும் ஆட்டைத் திவசத்தில் அந்தக் குழம்பை என் கையால் அவருக்குப் படைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

திவசத்துக்கு முந்திய கிழமை, அம்மா முதல்முறையாகப் பட்டறைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. மழைத் தூறலில் நடைபாதையில் நின்றபடி, வேட்டியில் சுற்றிய பொதி ஒன்றை நீட்டினார். கோயில் ஐயர் மேலே அமர்ந்து பூசை செய்கிற மான்தோல். மடிப்பில் கிழிந்துவிட்டதாம். தெரிந்த ஆளிடம் கொடுத்து ஒட்டித் தருவதாக அம்மா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தச் செத்த மானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரயிலில் வந்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

"பசையிலை மாடு கீடு இருக்கோ?"

"மாவிலையும் பசை இருக்கம்மா."

"அப்ப அதாலை ஒட்டு."

"திவசத்துக்குக் கத்தரிக்காய்க் குழம்பு நான் வைக்கட்டோ? ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன்."

அம்மா குடையை விரித்தார். "பாப்பம். முதல் இதை ஒட்டித் தா."

அந்தப் 'பாப்பம்' என்னை ஆட்டிவைத்தது. பழைய தோல், காய்ந்து சுருக்கு விழுந்திருந்தது. எபாக்ஸி பூசினால் ஒட்டிய இடம் விறைத்து, மடிக்கும்போது பக்கத்திலேயே வெடிக்கும். எலும்புப் பசை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் மாவுப் பசையைத்தான் குழைத்தேன். அடியில் மெல்லிய பருத்தித் துணி வைத்து ஒட்டி, பாரம் ஏற்றிக் காயவிட்டேன். பக்கத்து மேசையில் ஒரு வேட்டைக்காரரின் கலைமான் தலை, ஊசி குத்திய காதுகளோடு காய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் மாறி மாறி அழுத்தினேன். கிழிசல் இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

திவசத்துக்கு முதல் நாளும் அன்றும் லீவு போட்டேன். முதல் நாளே கத்தரிக்காய் வாங்கி என் வீட்டில் வைத்தேன். விடிந்ததும் தலை முழுகி, தோலையும் கத்தரிக்காயையும் எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தம்பி ஏணியில் நின்று, சாம்பிராணிக்கு அலறாதபடி புகை எச்சரிப்பானைக் கழற்றிக்கொண்டிருந்தான். அம்மா தோலை வாங்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே கொண்டுபோனார். கத்தரிக்காய்ப் பையைப் பார்க்கவேயில்லை. அடுப்படியில் தம்பியின் மனைவி குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

ஐயர் தோலைத் தடவிப் பார்த்து வியந்தார். "வடிவா ஒட்டியிருக்கு. ஆரம்மா செய்தது?"

நான் வாசல் நிலையோடு நின்றிருந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

"தெரிஞ்ச வெள்ளைக்காரர் ஒராள், ஐயா. கடை வைச்சிருக்கிறார்."

"அவருக்கு நல்ல கை" என்றார் ஐயர். தோலில் சம்மணம் போட்டு அமர்ந்து அப்பாவின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். எவனோ ஒரு வெள்ளைக்காரனின் கை பரவாயில்லை, பெற்ற மகளின் கைதான் ஆகாது. அந்த நேரத்தில் அம்மாவை வெறுத்தேன். இன்றைக்கும் முழுதாக விட்டுப்போகவில்லை.

சாப்பிட நிற்கவில்லை. செருப்பை மாட்டும்போது அம்மா ஓடிவந்து கையில் ஒரு தயிர் வாளியைத் திணித்தார். உள்ளே சோறும் குழம்பும்.

"சாப்பிட்டிட்டு எறி. திருப்பித் தர வேண்டாம்."

நேரே பட்டறைக்குப் போனேன். கலைமானின் இடக்காது விளிம்பு எழும்பி நின்றது. இரண்டு நாள் யாரும் அழுத்தவில்லை, எழும்பத்தான் செய்யும். ஈரத் துணியைச் சுற்றி அது இளகும்வரை, பின்னறையில் அப்பா வழக்கமாக இருந்து சாப்பிட்ட கதிரையில் அமர்ந்து சாப்பிட்டேன். குழம்பில் உப்பு அதிகம், பழப்புளி போதாது. அப்பா பாவம்.

பிறகு வாளியைக் கழுவினேன். அதற்குள்ளேயே மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டு, காதுக்குப் பசை குழைத்தேன்.