எடை பார்த்து வாங்கிய காற்றாடி

தறி முதலாளி புருஷோத்தமனுக்கு நான் ஆறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். என் கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம். அது தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்பது ஏற்பாடு. நாலே வருடத்தில் அடைத்தேன். அடைத்த மறுமாதம் தறிக்குழியை விட்டு எழுந்து, இருபது இரும்பு நாற்காலி வாங்கி வாடகைக்கு விட்டேன். இன்று உத்திரமேரூரில் பாண்டு பந்தல் சர்வீஸில் எண்ணூறு நாற்காலி, இரண்டு ஜெனரேட்டர், ஒரு லாரி இருக்கின்றன. எல்லாமே ரொக்கத்தில் வாங்கியவை. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை எழுதுவதும் நானேதான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

பாண்டுரங்கன் ஒன்று சொன்னால் செய்துவிடுவான் என்று பெருநகர் வரைக்கும் சொல்வார்கள். அந்தப் பேர்தான் போன பங்குனியில் என்னை மாட்டிவிட்டது.

மனை விற்கும் வெங்கடேசன் மாகறல் சாலையில் புது லேஅவுட் போட்டிருந்தார். திறப்பு விழாவுக்குப் பந்தல் பேச அவர் ஆபீசுக்குப் போனேன். காஞ்சிபுரத்துப் பந்தல்காரர் நந்தகுமார் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். வெங்கடேசன் போனில் ஒரு படம் காட்டினார். கடற்கரையில் ஒருவன் இரண்டு கையிலும் இரண்டு நூல் பிடித்து ஒரு பெரிய காற்றாடியை வட்டம் போடவைக்கிறான், தரையைத் தொடுகிற மாதிரி இறக்கித் திருப்பி ஏற்றுகிறான். விழாவில் இதுவும் வேண்டும் என்றார். நந்தகுமார் சென்னையிலிருந்து ஆள் கூட்டி வருவதாகச் சொன்னார்.

"ஆளு எதுக்கு? நானே வுடறேன்" என்றேன்.

வெங்கடேசன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அது பறந்தால் இந்த வருடத்து ஐந்து லேஅவுட் பந்தலும் எனக்கு, பறக்காவிட்டால் நந்தகுமாருக்கு என்று முடித்துவிட்டார். பத்து நாள் இருந்தது. அன்றுவரை நான் விட்டதெல்லாம் சின்ன வயசில் தினசரித் தாளில் ஒட்டிய ஒற்றை நூல் காற்றாடிதான். அதை யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாளே சென்னைப் பக்கம் இருக்கிற கோவளம் போனேன். அங்கே தானியேல் என்பவர் வீட்டிலேயே இந்த மாதிரிக் காற்றாடிகள் வைத்து விற்கிறார். முதல் தடவை வாங்குகிறவர் என்றதும் மூன்றை எடுத்துப் பரப்பினார். ஒன்று குச்சியே இல்லாமல் பை மாதிரி காற்றில் உப்புவது. இன்னொன்று முக்கோணம், மெல்லிய துணி, மெல்லிய குச்சி. மூன்றாவதும் முக்கோணம்தான், ஆனால் அகலம் அதிகம், துணி தடிப்பு, குச்சி தடிப்பு. நாலு நூல் வைத்ததும் ஒன்று சுவரில் தொங்கியது. அது பழகினவர்களுக்கு, இப்போது அதன் பக்கம் போக வேண்டாம் என்றார்.

"உங்க ஊருல காத்து எப்பிடி அடிக்கும் பெரியவரே?" என்று கேட்டார்.

காற்று எல்லா ஊரிலும் காற்றுதான் என்றேன். நடுவில் இருந்ததைக் கையில் எடுத்தேன். ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. தடித்ததை எடுத்தேன், கை இறங்கியது. பட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். புடவையைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி இது எத்தனை கிராம், சரிகை எவ்வளவு என்று சொல்லியிருக்கிறேன். லேசாக இருந்தால் ஏமாற்று வேலை என்று என் கைக்குத் தெரியும். தானியேல் நடுவில் இருந்ததையே எடுத்துக்கொள்ளச் சொன்னார், பெரியது கடற்காற்றுக்கு உண்டானது என்றார். விலை குறைந்ததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எண்ணி, ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்துத் தடித்ததை வாங்கிவந்தேன்.

பெருநகர் பக்கம் என் சினேகிதன் ராஜாராமின் நிலம் அறுப்பு முடிந்து வெறுமனே கிடந்தது. என் மனைவி வசந்தகுமாரி அந்தக் கோடியில் காற்றாடியை நிமிர்த்திப் பிடிக்க, நான் இருபத்தைந்து மீட்டர் நூலுக்கு இந்தப் பக்கம் நின்று இழுத்தேன். ஆள் உயரம் எழும்பியது, குப்புற விழுந்தது. பின்னாலேயே ஓடினேன். அறுத்த நெல் தாளடியில் மண்ணைக் கீறிக்கொண்டு இழுபட்டு வந்தது. மூன்று சாயங்காலம் இப்படியே போயிற்று. ராஜாராம் வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பாண்டு, நல்லா உழுதுட்ட. வெதை எப்ப போடலாம்?" என்று கேட்டான்.

நாலாம் நாள் வசந்தா காற்றாடியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தாள். கையில் ஏந்தி இரண்டு தரம் ஏற்றி இறக்கினாள்.

"இது இன்னா பொடவையாய்யா? வெயிட்டு பாத்து வாங்கினு வந்துகீற."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் காரணம். எடை போட்டு வாங்கியே பழகியவன், காற்று தூக்க வேண்டிய பொருளையும் எடை போட்டு வாங்கிவிட்டேன்.

அடுத்த நாள் பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் பந்தல் போட வேண்டியிருந்தது, அதற்கடுத்த நாள் அதைப் பிரிக்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமைதான் இருவரும் கோவளம் போக முடிந்தது. தானியேல் முனையில் தேய்ந்திருந்த துணியைப் பார்த்துவிட்டு, பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்றார். சரி என்று தடித்ததைக் கொடுத்தேன். வசந்தாதான் கேட்டாள்.

"எங்க ஊருல சாய்ந்தரம் காத்து வேப்ப எலைய ஆட்டும், கெளைய ஆட்டாது. அதுக்கு எது பறக்கும்?"

"இதைத்தாம்மா அன்னிக்கே கேட்டேன்" என்று தானியேல் நடுவில் இருந்ததையே மறுபடி எடுத்தார். அவள் குச்சியை வளைத்துப் பார்த்தாள். விழுந்தால் ஒடியுமா என்று கேட்டாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் நூறு தடவை போடுவார்கள், அதற்காகவே வளைகிற குச்சி போட்டிருக்கிறது, உடைந்தாலும் ஒரு குச்சி மட்டும் மாற்றலாம் என்றார். தையலை நகத்தால் நெருடினாள். பிறகு நூல் இரண்டையும் அவர் வீட்டு வாசலில் நீட்டச் சொன்னாள், தறிக்குத் தெருவில் பாவு நூல் நீட்டுகிற மாதிரி. ஒரு நூல் நாலு விரல் நீளமாக இருந்தது. தானியேல் அதை வெட்டி முடிச்சுப் போட்டு, நூல் சமமாக இல்லாவிட்டால் காற்றாடி ஒரு பக்கமே சாயும், இங்கே இதைப் பார்த்து வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அவளிடம் சொன்னார். நான் பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அது எழும்பியது. தலைக்கு மேல் இருபது முழம் ஏறியது. அடுத்த கணமே வலது பக்கம் திரும்பித் தலைகீழாக இறங்கி மண்ணில் குத்தியது. எத்தனை தரம் ஏற்றினாலும் அதே வலது பக்கம்தான். தறியில் குறுக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை ஓட்ட வலது கையால் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டும். பதினாறு வருடம் சுண்டிய கை. இடது கையை மெல்ல இழு என்றால் வலது கை முந்திக்கொள்கிறது.

சனிக்கிழமை வசந்தா கைப்பிடிகளை வாங்கிப் பார்த்தாள். ராட்டினத்தில் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கிற நூல் தாரை எனக்குச் சுற்றியவள் அவள். பட்டு இழையை விரலிடுக்கில் பிடித்துச் சுண்டினால் அறுந்துவிடும். அவள் கையில் காற்றாடி நின்றது. இரண்டு வட்டமும் போட்டது. ஆனாலும் நாளைக்கு நான்தான் விடுவேன், நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு நாலு மணி. பந்தலில் முந்நூறு பேர். காற்று இல்லை. வெங்கடேசன் நட்ட கொடிகளெல்லாம் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தன. இரண்டாம் வரிசையில் நந்தகுமார் போண்டா தின்றுகொண்டிருந்தார். நாலேகாலுக்கு வெங்கடேசன் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். நாலரைக்கு மறுபடி வந்தார்.

"அண்ணே, அஞ்சுக்குச் சனம் கெளம்பிடும். முடியுமா முடியாதா, இப்பவே சொல்லிடு."

முடியும் என்றேன். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. சாலையோர வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு முப்பத்தைந்துக்கு அதன் இலைகள் அசைந்தன.

அந்தக் கோடியில் வசந்தா காற்றாடியை நிமிர்த்தினாள். இழுத்தேன். ஏறியது. ஜனம் தலையைத் தூக்கியது. வலது கை சுண்டியது. காற்றாடி நாற்காலி வரிசைக்கு இரண்டு முழம் தள்ளி வந்து குத்தியது. ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் தடவையும் அப்படியே. பின்னால் சிரிப்புக் கேட்டது. நந்தகுமார் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

வசந்தா காற்றாடியை நிமிர்த்தவில்லை. அதை அங்கேயே கீழே வைத்துவிட்டு நூலோரமாக என்னிடம் நடந்து வந்தாள்.

"குடு" என்றாள்.

நான் கொடுத்தேன். வேறு வழி இல்லாமல் கொடுத்தேன் என்று எழுதலாம். இன்னொரு தடவை விழுந்தால் அது குழந்தைகள் மேல்தான் விழும் என்று தெரிந்து கொடுத்தேன். பிறகு அந்த இருபத்தைந்து மீட்டரை முந்நூறு பேர் பார்க்க நான் நடந்தேன். என் பந்தலில் நான் அப்படித் தலை குனிந்து நடந்ததே இல்லை. காற்றாடியைத் தூக்கிப் பிடித்தேன். அவள் ஒரு அடி பின்வைத்தாள்.

என் கையிலிருந்து அது உருவிக்கொண்டு போனது. பந்தல் உயரம், தென்னை உயரம். காற்று குறைந்தது, காற்றாடி தொங்கியது. அவள் அவசரப்படாமல் நாலு அடி பின்னால் நடந்தாள், அது நிமிர்ந்தது. இடது கையை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தாள், இடது பக்கம் ஒரு வட்டம். வலது பக்கம் ஒரு வட்டம். தரைக்கு ஆள் உயரம் வரை இறக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன். மேலே போய்க்கொண்டிருந்தது. ஏழு நிமிடம் பறந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு வுட்டா இன்னாண்ணே, பறந்துச்சு இல்ல" என்று வெங்கடேசன் ஐந்து லேஅவுட்டுக்கும் சேர்த்துப் பத்தாயிரம் முன்பணம் என் கையில் வைத்தார். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள், மொத்தம் இருபது.

லாரியில் ஏறியதும் வசந்தா கையை நீட்டினாள். நூல் அறுத்த சிவப்புக் கோடு விரல்களில் இருந்தது. வூட்டுக்குத்தானே வருது, எல்லாம் உன்னுதுதானே என்றேன்.

"தறிக்கூலிய முதலாளி உன் கையிலதான் எண்ணுவாரு. தார் சுத்தினவளுக்கு யாரு எண்ணினாங்க?"

கை நீட்டியபடியே இருந்தது. கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக வைத்தேன். மூன்றில் நிறுத்திப் பார்த்தேன், அவள் மடக்கவில்லை. ஆறில் நிறுத்தினேன். எட்டு, ஒன்பது. பத்தாவது தாளில்தான் விரல்களை மடக்கினாள்.